எட்டு மணி நேரப் பிசகு

அமலதாசுக்கு இடி என்றால் பயமில்லை. இடி இடித்ததும் மூன்று அலுவலகங்களில் மூன்று பேர் எழுந்துபோய்ச் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்குவார்களே, அதுதான் அவருக்குப் பயம்.

வட சிலாங்கூர் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. மதியம் மூன்று மணிக்கு மேல் வானம் கறுத்து ஒரு உறுமல் உறுமினால் போதும், டிவி பிளக், மோடம் பிளக், தொலைபேசிக் கம்பி எல்லாம் கழன்று தரையில் கிடக்கும். ஒரு வீட்டு டிவி மின்னலில் கருகினால் அந்தக் கதை பத்து வருஷத்துக்கு லயத்து வீடுகளில் ஓடும். அமலதாஸின் மனைவி யூஜினியாவே, கணினி வேலை பார்க்கிற மனுஷன் என்ற மரியாதைகூட இல்லாமல், அவர் தட்டிக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்கியிருக்கிறாள். கேட்டால், எரிந்துபோனால் யார் வாங்கித் தருவது என்று திருப்பிக் கேட்பாள். நியாயமான கேள்விதான்.

அவருக்கு வயது நாற்பத்தாறு. கெர்லிங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் லோரி ஓட்டுநரின் மூன்றாவது பிள்ளை. தொழிற்பயிற்சிக் கல்லூரியில் இரண்டு வருஷம் படித்தார். கோலசிலாங்கூரில் ஒரு கடையில் கணினி பழுது பார்த்தார். பதினான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு செம்பனை நிறுவனத்தில் ஒப்பந்த ஆளாகச் சேர்ந்தார். அந்த நிறுவனத்துக்குத் தலைமையகம் புக்கிட் பெருந்துங்கில். தோட்ட அலுவலகங்கள் கோலசிலாங்கூரிலும் சபாக்கிலும் கெர்லிங்கிலும். மூன்றுக்கும் சேர்த்துக் கணினி ஆள் இவர் ஒருவர்தான். சட்டைப்பை அட்டையில் ஐ.டி. அதிகாரி என்று இருந்தாலும், மின்விசிறி சுற்றவில்லை என்றாலும் இவருக்குத்தான் போன் வரும். ஒப்பந்தத்தை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள். முதல் ஒப்பந்தத்தையும் சேர்த்தால் ஏழு முறையாகிவிட்டது. மகள் அலீசியா ஈப்போவில் கல்லூரியில் படிப்பதால் எட்டாவது முறையைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் கவலை இருந்தது.

நல்ல மனுஷர், கைவேலைக்காரர், யாரையும் கடிந்து பேசமாட்டார். ஆனால் ஒரு வியாதி உண்டு. எதையும் முக்கால்வாசி செய்துவிட்டு, மிச்சத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார். வீட்டில் குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடாமல் மூன்று வருஷம் ஓட்டியவர். இதையெல்லாம் யூஜினியா சிரித்துக்கொண்டு சொல்வாள் என்பதால் அதை ஒரு குறையாகவே அவர் எண்ணியதில்லை.

சபாக் அலுவலகம்தான் அவருக்கு அதிகத் தலைவலி. அங்கே ஒரு மூலையில் பெரிய கணினி ஒன்று இருந்தது. யார் வேலைக்கு வந்தார்கள், எந்தத் தொகுதியில் எத்தனை குலை வெட்டினார்கள் என்பதெல்லாம் அதில்தான். இடிக்குப் பயந்து அதன் பிளக்கைப் பிடுங்கினால், மறுபடி மாட்டியதும் அது தானாக வேலை செய்யாது. யாராவது உள்ளே நுழைந்து புரோகிராமைக் கிளப்பிவிட வேண்டும். அதற்காகவே அமலதாஸ் கோலசிலாங்கூரிலிருந்து தஞ்சோங் காராங், சிகிஞ்சான், சுங்கை புசார் என்று நெல் லோரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஒன்றரை மணி நேரம் போவார். ஐந்து நிமிஷ வேலை. பிறகு அதே ஒன்றரை மணி நேரம் திரும்பி வருவார். போன வருஷம் நவம்பர் மழையில் ஒரே வாரத்தில் நான்கு தடவை போனார். நான்காவது தடவை திரும்பி வந்ததும், சபாக் கணினிக்கு வெளியிலிருந்து நுழைய ஒரு வழி திறந்துவைத்தார். வீட்டிலிருந்தே உள்ளே போய் வேலையை முடித்துவிடலாம். அந்த வழிக்கு ‘செமந்தாரா’ என்று பெயர் வைத்தார். மலாயில் தற்காலிகம் என்று அர்த்தம். முறையான பாதுகாப்போடு வேறு வழி ஒன்று போட்டுவிட்டு, ஒரு வாரத்தில் இதை அடைத்துவிட வேண்டும் என்பது திட்டம். அது நவம்பர். மறுவருஷம் ஜூலையிலும் அது திறந்தேதான் கிடந்தது.

இதற்கிடையில் மே மாதம் தலைமையகத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. ஒவ்வோர் அலுவலகத்தின் இணைய வாசலிலும் ஃபயர்வால் என்ற பெட்டி உட்கார்ந்திருக்கும். உள்ளே யார் வந்தார்கள், வெளியே என்ன போனது என்று ஒவ்வொன்றுக்கும் அது ஒரு வரி எழுதும். ஆனால் இரண்டு மூன்று நாளுக்கு மேல் அதன் நினைவில் நிற்காது. அந்த வரிகளை மூன்று அலுவலகங்களிலிருந்தும் ஓரிடத்தில் சேர்த்துத் தொண்ணூறு நாள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று காப்பீட்டுக்காரர்கள் கேட்கிறார்களாம். வெளிநிறுவனத்தார் ஒரு விலை சொன்னார்கள். அமலதாஸ் நானே செய்கிறேன் என்றார். ஒப்பந்தம் ஆகஸ்டில் முடிகிறது, இப்படி ஒன்றைச் செய்து காட்டினால் நல்லதுதானே.

கோலசிலாங்கூர் அலுவலகத்தின் உர மாதிரிகள் வைக்கும் அறையில் ஒதுக்கிப் போட்டிருந்த பழைய கணினியைத் துடைத்து, லினக்ஸ் ஏற்றினார். இடிக்கு அசையாமல் இருக்கப் பேட்டரி வைத்தார். வரிகளைச் சேகரிக்கும் புரோகிராமை ஒரு கன்டெய்னரில் போட்டார். கன்டெய்னர் என்றால் கிள்ளான் துறைமுகத்திலிருந்து லோரியில் வருவதல்ல. ஒரு கணினிக்குள்ளேயே தனி அறை தடுத்து, ஒரு புரோகிராமையும் அதற்கு வேண்டிய சாமான்களையும் மட்டும் உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிடுவது. பிரச்சினை வந்தால் அறையை இடித்துவிட்டு இரண்டு நிமிஷத்தில் அதேபோல் இன்னொன்று கட்டலாம். பக்கத்தில் இருக்கிற எதுவும் கெடாது. இதையெல்லாம் இரவு பகலாக வீடியோ பார்த்தும், தெரியாத ஊர்க்காரர்களிடம் இணையத்தில் கேள்வி கேட்டும் கற்றுக்கொண்டார். முதல் நாள் மூன்று அலுவலகங்களின் வரிகளும் திரையில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தபோது அவருக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது. யூஜினியாவுக்குப் படம் பிடித்து அனுப்பினார். அவள் ஒரு கட்டைவிரல் அனுப்பினாள்.

முதல் தப்பு பதினாறாம் நாள் தெரிந்தது. புரோகிராமின் புதிய பதிப்பு வந்ததென்று பழைய அறையை இடித்துப் புதிதாகக் கட்டினார். பதினாறு நாள் பதிவும் அறையோடு சேர்ந்து போய்விட்டது. வாடகை வீட்டைக் காலி செய்யும்போது அலமாரியை எடுக்க மறந்த மாதிரி. பதிவுகளை அறைக்கு வெளியே ஒரு கோப்புறையில் வைத்து, உள்ளேயிருந்து அதற்கு ஒரு ஜன்னல் விட வேண்டும் என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. யாரிடமும் சொல்லாமல் சரிசெய்தார்.

இரண்டாவது சிக்கலுக்குக் காரணம் அந்தப் பிளக் பிடுங்கும் வழக்கமே. சபாக்கின் ஃபயர்வால் பெட்டி பழசு. உள்ளே இருந்த சின்ன பேட்டரி செத்துவிட்டது. ஒவ்வொரு முறை பிடுங்கி மாட்டும்போதும் அதன் கடிகாரம் பத்து வருஷம் பின்னால் ஓடிவிடும். இன்று நடந்ததை 2015இல் நடந்ததாக எழுதும். பெட்டிகள் சொல்லும் நேரத்தை நம்பி ஆகாது என்று முடிவுசெய்து, வரி வந்து விழும்போது கன்டெய்னர் தன் கடிகாரத்தைப் பார்த்து நேரம் போடும்படி மாற்றினார். நல்ல யோசனைதான். ஆனால் கன்டெய்னருக்குள் ஓடுவது எந்த ஊர் நேரம் என்று அவர் பார்க்கவில்லை. நாம் எதையும் சொல்லாவிட்டால் அதற்குள் உலகப் பொது நேரம்தான் ஓடும். மலேசிய நேரத்துக்கு அது எட்டு மணி நேரம் பின்னால். அந்த ஒரு வரியை அப்புறம் சரிபார்க்கலாம் என்று அவர் நினைத்திருந்தாராம். எனக்கு நம்பிக்கையில்லை. மறந்திருப்பார்.

அப்படியே மூன்று அலுவலகங்களுக்கும் ஒரு வேண்டுகோள் வைத்தார். இனிமேல் இடிக்குப் பயந்து பிளக்கைப் பிடுங்க வேண்டாம், மின்னல் தாங்கும் சாதனம் மாட்டியிருக்கிறேன், அப்படியும் மனசு கேட்காவிட்டால் எனக்கு ஒரு போன் போட்டுவிட்டுப் பிடுங்குங்கள். கெர்லிங்கில் இருந்த தனேஷ் என்ற பையன் போன் போட்டுவிட்டுப் பிடுங்குவான். சபாக்கில் இருந்த கங்கா பிடுங்குவதையே விட்டாள்.

கங்கா சபாக் அலுவலகத்தின் கிராணி, அதாவது குமாஸ்தா. முப்பத்திரண்டு வயது, அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவள், ஒன்பது வருஷமாக அந்த நாற்காலியில் இருப்பவள். சொன்னதைச் சொன்னபடி செய்வாள். அமலதாஸ் போனில் எந்தப் பட்டனை அழுத்து என்றாலும் அழுத்திவிட்டு, அப்புறம் என்னண்ணே என்பாள். மூன்று அலுவலகத்திலும் அவருக்குப் பிடித்த ஆள் அவள்தான்.

ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை காலை அவளிடமிருந்து போன் வந்தது. திரையெல்லாம் கறுப்பாக, ஆங்கிலத்தில் ஏதோ மிரட்டல் எழுதியிருக்கிறது என்றாள். சபாக் கணினியின் கோப்புகள் அத்தனையும் யாரோ பூட்டுப்போட்டுவிட்டார்கள். எட்டு மாத வேலைப் பதிவும் வெட்டுப் பதிவும் உள்ளே மாட்டிக்கொண்டன. வேலையைக் கண்காணிக்கும் மண்டோர்கள் மறுபடி தாள் புத்தகத்துக்குப் போனார்கள்.

தலைமையகம் ட்ரெவர் என்ற இளைஞனை அனுப்பியது. கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தில் வேலை, மரியாதையான பையன், பினாங்குக்காரன். அமலதாஸின் சேகரிப்பானைப் பார்த்து, இவ்வளவு சின்ன இடத்தில் இதை எதிர்பார்க்கவில்லை அங்கிள் என்றான். திங்கட்கிழமையன்று, லாக் என்று அவர்கள் சொல்லும் அந்தப் பதிவை வாங்கிப் படித்தான். வியாழக்கிழமை 11:12க்கு, சபாக் கணினி தெரியாத வெளிநாட்டு முகவரி ஒன்றோடு பேசத் தொடங்கி, ஏராளமாக அனுப்பியிருந்தது. அங்கிருந்துதான் எல்லாம் ஆரம்பம். வியாழக்கிழமை காலை பதினொன்றேகாலுக்கு அலுவலகத்தில் யார் என்ன செய்தார்கள் என்று கேட்டான்.

கேட்டதும் பதில் கிடைத்துவிட்டது. தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா நோட்டீஸை வருஷா வருஷம் அலுவலகப் பிரிண்டரில்தான் அடிப்பார்கள். எந்த மேனேஜரும் மறுத்ததில்லை. கோயில் தலைவர் சன்னாசி டவுன் கடையில் நோட்டீஸ் தயார்செய்து பென்டிரைவில் கொண்டுவந்து கொடுத்தார். கங்கா அதைத் தன் கணினியில் சொருகி நூற்றைம்பது பிரதி எடுத்தாள். வியாழக்கிழமை காலை பதினொரு மணி வாக்கில்தான். மேனேஜர் பாலகிருஷ்ணன் பெயர் சிறப்பு வருகையாளர் என்று அந்த நோட்டீஸின் தலையிலேயே இருந்தது. இப்போது அவர் அந்தத் தாளை நாலாக மடித்து மேசை டிராயருக்குள் போட்டுவிட்டு, பென்டிரைவ் கூடாது என்று போன வருஷமே சுற்றறிக்கை விட்டேனே என்றார்.

சாயங்காலம் ஐந்து மணி வரைக்கும் கணினி நன்றாகத்தான் ஓடியது என்று கங்கா சொல்லிப் பார்த்தாள். இப்படிப்பட்ட வைரஸ் சில மணி நேரம் ஒளிந்திருந்துவிட்டுத்தான் பூட்டும் என்றான் ட்ரெவர். அது பொய்யுமில்லை. பதிவில் இன்னொரு வரியையும் அவன் பார்த்தான். 10:58க்கு வெளியிலிருந்து ஓர் ஆள் ‘செமந்தாரா’ வழியாக உள்ளே வந்திருந்தார். உள்நாட்டு முகவரி. அது நீங்கள்தானே அங்கிள், பராமரிப்பு வேலையா என்று கேட்டான். அமலதாஸ் தினமும் காலையில் அந்த வழியாகப் போய்ப் பார்ப்பவர். ஆமாம், நான்தான் என்றார். பொய் சொல்லவில்லை. நான்தான் என்றே நினைத்தார்.

திங்கட்கிழமை மாலையே கங்காவை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். அவள் அமலதாசுக்குப் போன் போட்டாள்.

“அண்ணே, பென்டிரைவ் போட்டது நெசந்தான். இல்லன்னு சொல்லல. ஆனா அதுலதான் வந்துச்சா? நீங்க சொல்லுங்க லா. மத்தவங்க சொன்னா எனக்குப் புரியல.”

“லாக்குல அப்படித்தான் இருக்கு கங்கா. நேரம் பொருந்தி வருது.”

அவள் சரிண்ணே என்று வைத்துவிட்டாள். அமலதாசுக்கு மனசு கஷ்டமாக இருந்தது. ஆனால் அவர் பார்த்ததைத்தான் சொன்னார்.

புதன்கிழமை ட்ரெவர் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்று கெர்லிங் அலுவலகத்தின் அதே வியாழக்கிழமைப் பதிவையும் கேட்டான். அதைப் பிரித்து எடுத்துக்கொண்டிருக்கும்போது ஒரு வரி அமலதாஸின் கண்ணில் பட்டது. கெர்லிங் இணைப்பு 08:31க்கு அறுந்திருந்தது. பிளக்கைப் பிடுங்கினால்தான் அப்படி அறும். காலை எட்டரை மணிக்கு, வெயில் அடிக்கும்போது, எவன் பிளக்கைப் பிடுங்குவான் என்று எரிச்சலோடு தனேஷுக்குப் போன் அடிக்கப் போனார். போனை எடுத்ததும் நினைவு வந்தது. அந்த வியாழக்கிழமை தனேஷ் ஒரு முறைதான் அழைத்தான். அழைப்புப் பட்டியலைத் தள்ளிப் பார்த்தார். மாலை 4:29. இடி பயங்கரமா இருக்கு அண்ணே, பிடுங்கறேன் என்று சொன்ன அழைப்பு.

நாலரைக்கும் எட்டரைக்கும் நடுவில் எட்டு மணி நேரம்.

உர வாசனை அடிக்கும் அந்த அறையில் அவர் கன்டெய்னருக்குள் நுழைந்து, இப்போது மணி என்ன என்று கேட்டார். காலை மூன்றேகால் என்றது. சுவர்க் கடிகாரத்தில் காலை பதினொன்றேகால்.

அப்படியானால் சபாக்கின் 11:12 என்பது இரவு ஏழு பன்னிரண்டு. கங்கா ஐந்து மணிக்கே பூட்டிக்கொண்டு போய்விட்டாள். 10:58 என்பது மாலை ஆறு ஐம்பத்தெட்டு. வியாழக்கிழமை அந்த நேரத்தில் அமலதாஸ் மாதா கோவிலில் பாடற்குழுப் பயிற்சியில் இருந்தார். போனை அணைத்து யூஜினியாவின் பைக்குள் போட்டிருந்தார். செமந்தாரா வழியாக உள்ளே போனது அவரில்லை. அவர் திறந்துவிட்டு மறந்துபோன வழியில் வேறு யாரோ புகுந்திருக்கிறார்கள். பென்டிரைவுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இன்னொன்றும் அவருக்கு உறைத்தது. அந்த வியாழக்கிழமை சபாக்கிலும் இடி இடித்தது. பழைய வழக்கப்படி கங்கா பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போயிருந்தால் ஏழு மணிக்கு அந்தக் கணினி செத்துக் கிடந்திருக்கும், எவனாலும் நுழைந்திருக்க முடியாது. அவர் கேட்டுக்கொண்டதற்காக அவள் பிடுங்காமல் விட்டுவிட்டுப் போனாள்.

உடனே போனை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. முதலில் செமந்தாரா வழியை அடைத்தார். பிறகு கன்டெய்னருக்கு மலேசிய நேரம் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பிறகு கெர்லிங் பதிவை ட்ரெவருக்கு அனுப்பாமல், நாளைக்குத் தருகிறேன் தம்பி என்று செய்தி போட்டார்.

நேரம் தப்பு என்று மட்டும் சொல்லிக் கங்காவைக் காப்பாற்றிவிட முடியாதா என்று அன்றிரவு எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். முடியாது. ஏழு மணி என்று சொன்னால் அடுத்த கேள்வி ஆறு ஐம்பத்தெட்டுக்கு வந்தது யார் என்பது. அதற்கு அடுத்தது, அந்த வழியைத் திறந்தது யார் என்பது. ஆகஸ்டில் ஒப்பந்தம் முடிகிறது. நாற்பத்தாறு வயதுக்காரனை எவன் கூப்பிட்டு வேலை கொடுப்பான். கங்காவுக்கு வயது இருக்கிறது, எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டுவிடுவார்கள், வேலையெல்லாம் போகாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். வியாழன் போனது. வெள்ளி போனது. சொல்லக் கூடாது என்று அவர் முடிவெடுக்கவில்லை. இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரு நாள் என்றுதான் ஓடியது. முடிவெடுத்திருந்தாலாவது துணிச்சல்காரர் என்று சொல்லலாம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ட்ரெவர் அழைத்தான். அறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறானாம். நீங்கள் அந்தச் சேகரிப்பானைப் போடாவிட்டால் எங்களால் கண்டுபிடித்திருக்கவே முடியாது அங்கிள், உங்கள் பெயரைத் தனியாகக் குறிப்பிட்டிருக்கிறேன், தலைமையகத்தில் எல்லாருக்கும் சந்தோஷம், ஒப்பந்தத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள் என்றான். நாளைக் காலை பத்து மணிக்குப் புக்கிட் பெருந்துங்கில் விசாரணை, பதிவு சரியானது என்று ஒரு வார்த்தை வந்து சொல்லிவிட்டால் போதும் என்றான். அமலதாஸ் நன்றி சொன்னார். போனை வைத்துவிட்டுப் போய்க் குளியலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

யூஜினியா கதவுக்கு வெளியே நின்று என்ன ஆச்சு என்று கேட்டாள். தரையில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த அவள் முகம் சிவந்துவிட்டது. அவருக்காக வருத்தப்படுவாள் என்று எதிர்பார்த்திருந்தால் அது நடக்கவில்லை.

“அலீசியாகிட்ட நான் பேசிக்கிறேன். வீட்டையும் பாத்துக்கறேன். நீங்க நாளைக்கு வாயைத் தொறங்க, அது போதும்.”

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மேசையைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். விசாரணை நடத்தும் மனிதவள அதிகாரியம்மாள், பாலகிருஷ்ணன், ட்ரெவர், மேசைக் கடைசியில் கங்கா. ஒரே வாரத்தில் அவள் முகம் ஒடுங்கிப்போயிருந்தது. அமலதாசைப் பார்த்ததும், தெரிந்தவர் ஒருவர் வந்துவிட்டார் என்பதுபோல் லேசாகத் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல் அவரைக் குத்தியது.

விசாரணை மலாயில் நடந்தது. மேசைமேல் இருந்த இந்தப் பதிவுகள் உங்கள் கருவியில் சேர்ந்தவைதானா, சரியானவைதானா என்று அந்த அம்மாள் கேட்டார். பதிவு சரி, நேரம் தப்பு என்றார் அமலதாஸ். மடிக்கணினியைத் திறந்து கெர்லிங்கின் 08:31ஐக் காட்டினார். போனில் தனேஷின் 4:29ஐக் காட்டினார். கன்டெய்னரின் கடிகாரத்தை அமைக்காமல் விட்டது தான் என்றார். 11:12 என்பது இரவு ஏழு பன்னிரண்டு, அப்போது அலுவலகம் பூட்டியிருந்தது என்றார். 10:58க்கு வந்தது நான் என்று போன வாரம் சொன்னேன், அது நானில்லை என்றார். தண்ணீர் குடித்துவிட்டு, போன நவம்பரில் அந்த வழியைத் திறந்ததும் அடைக்காமல் விட்டதும் நான்தான் என்றார். யாருக்கும் தெரியாமல் திறந்தேன் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

ட்ரெவர் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்து வரிகளை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தான். காது நுனி சிவந்திருந்தது. அவர் சொல்வது சரி, இதை நான் முதல் நாளே சோதித்திருக்க வேண்டும் என்று அந்த அம்மாளிடம் சொன்னான். பாலகிருஷ்ணன் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

அமலதாஸ் கங்கா பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்.

“நீ ஒன்னும் செய்யல கங்கா. நான் தொறந்து வெச்ச வழியில வந்துட்டானுங்க.”

அவள் மேசைமேல் இருந்த ஒரு தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் அதை எடுத்துத் தன் கோப்புக்குள் வைத்தபோதுதான் அமலதாஸும் அதைப் பார்த்தார். பென்டிரைவ் போட்டதால் நேர்ந்த இழப்புக்குத் தானே காரணம் என்று ஒப்புக்கொள்ளும் தாள். கீழே கங்காவின் கையெழுத்து. தேதி வெள்ளிக்கிழமை.

பதினொன்றரைக்கு எல்லாம் முடிந்தது. கங்கா நாளைக்கே வேலைக்கு வரலாம், அந்தத் தாள் செல்லாது என்றார்கள். அமலதாசுக்கு ஒரு கடிதம். ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று ஏழு நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒப்பந்தத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, பேச வேண்டிய அவசியமும் இல்லை. அவருக்கு ஆச்சரியமாக உடம்பு லேசாக இருந்தது. செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்ற திருப்தியோடு படியிறங்கினார். கங்கா வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுவாள், பரவாயில்லை விடு என்று சொல்ல வேண்டியிருக்கும் என்றுகூட நினைத்தார்.

கீழே கங்காவின் கணவன் மோட்டாரைக் கிளப்பி வைத்திருந்தான். அவள் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அமலதாசுக்காகக் காத்திருந்தாள். அழவில்லை.

“எப்பண்ணே தெரிஞ்சது உங்களுக்கு?”

பொய் சொல்ல நினைத்தால் சொல்லியிருக்கலாம். நேற்று என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள்.

“புதன்கிழம.”

கங்கா குரலை உயர்த்தாமல்தான் பேசினாள்.

“வெள்ளிக்கிழம மத்தியானம் வரைக்கும் நான் செய்யலன்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தேன். எங்க வீட்டுக்காரர்கூட நம்பல, அப்பவும் சொல்லிக்கிட்டு இருந்தேன். அப்புறம் லாக்கு பொய் சொல்லாது, அண்ணனும் பொய் சொல்ல மாட்டாரு, அப்ப நாந்தான் செஞ்சிருக்கேன்னு எனக்கே தோணிருச்சு. யாரும் மெரட்டல. நானாத்தான் கையெழுத்துப் போட்டேன். புதன்கிழம ஒரு போன் போட்டு, நீ இல்ல கங்கான்னு எங்கிட்ட மட்டும் சொல்லியிருக்கலாம். வெளிய சொல்ல வேணாம்னு சொல்லியிருந்தா நான் யார்கிட்டயும் சொல்லியிருக்க மாட்டேன்.”

அது உண்மை என்று அமலதாசுக்குத் தெரியும். அவள் சொல்லியிருக்க மாட்டாள். அந்தத் தாளில் பழி அவள் பெயரிலேயே இருந்திருந்தால்கூடச் சொல்லியிருக்க மாட்டாள். அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள். அவரிடம் சொல்வதற்கு இருந்தது ஒரே பதில்தான், பயந்துவிட்டேன் என்பது. அதைச் சொல்ல அவர் வாயைத் திறந்தபோது மோட்டார் சாலை முனையில் திரும்பிவிட்டிருந்தது.